ஏழாவது ஆளின் நிழல்

உக்கடத்தில் எடைக்கு வந்தது.
நொய்யல் மில்லின் வருகைப் பதிவேடுகள் நாற்பது கிலோ,
நடுவே நசுங்கிக் கிடந்தது ஒரு பழுப்பு உறை.
'பூப்பந்து அணி. படங்கள் எட்டு. விலை 75 ந.பை.'
உள்ளே ஆறுதான்.
உறையை மட்டும் கேட்டேன்.
கடைக்காரன் தராசைப் பார்த்தான், முள் அசையவில்லை.
"இருபது ரூபா குடுங்க்கா."

முதலில் மோந்து பார்ப்பேன்.
சிரிக்க வேண்டாம். ஹைப்போவைச் சரியாகக் கழுவாத படம்
அறுபது வருடம் போனாலும் புளித்த வாசம் விடாது.
அப்புறம் முதுகு. முகத்துக்கு அவசரமில்லை.
ஸ்டூடியோ முத்திரையில் 'மதராஸ் ஸ்டேட்',
தொலைபேசி நான்கே இலக்கம்.
நயா பைசா என்றால் ஐம்பத்தேழுக்கு முன்னால் போகாது,
அறுபத்து நாலைத் தாண்டாது.
ஏழு வருடச் சந்து.
இரண்டு பக்கமும் சுவர், உள்ளே எங்கோ ஆள்.

மீசையை நம்பக்கூடாது.
ஒருவன் அப்பாவின் மீசையை வைத்திருப்பான்,
ஒருவன் போன மாதம் பார்த்த படத்தின் மீசையை.
மட்டையின் பிடி, காலரின் கூர்,
கான்வாஸ் ஷூவில் எத்தனை கண்,
இவை பொய் சொல்லத் தெரியாதவை.

தனிப்படம் ஐந்து. குழுப்படம் ஒன்று.
குழுவில் கீழே உட்கார்ந்தவன் மடியில் சிலேட்டு:
1961.
இவ்வளவு எளிதாகக் கிடைத்தால்
எனக்குச் சோறு இறங்காது.

வரிசையின் கடைசி ஆளின் புருவத்தில் வெள்ளை.
பூஞ்சை என்று நினைத்து
ஒட்டக முடித் தூரிகையால் தட்டினேன்.
போகவில்லை.
லென்ஸை வைத்தேன்.
அது காகிதத்தில் இல்லை. அவன் முகத்தில் இருந்தது.
பஞ்சு.
மற்ற ஆறு பேரும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்க
இவன் ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கிறான்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.
ஆறு நிழல் இடது பக்கம்.
ஒன்று வலது.

கத்தரித்து ஒட்டி மறுபடி எடுத்த படம்.
தோள் ஓரத்தில் மயிரிழைக்கு ஒரு வெட்டு,
அதன்மேல் சாம்பல் மசி, கை தேர்ந்த வேலை.
நிழலையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள்,
அது எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்க்காமல்.
அவன் கையில் சின்னக் கோப்பை.
வளைந்த உலோகத்தில் எழுத்து வழுக்கியது,
படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன்: 1962.

கீழே ஆறு பெயர் அச்சில்.
ஏழாவது மட்டும் கையெழுத்தில்:
சி. ராக்கியண்ணன், ரிங் பிரேம்.

பல்லடத்துச் சிதம்பரசாமிக்குப் போன் போட்டேன்.
கோழித்தீவனம் விற்பவர். மில் சாமான் எது வந்தாலும் அவருக்குத்தான்.
"அறுபத்தொண்ணுன்னு எழுதிப்போடுங் அம்மிணி.
மொத மொதக் கெலிச்ச வருசம், அதுக்குத்தான் காசு."
"ரெண்டு வருசம் இருக்குதுங்க இதுல."
"ஒட்டுப்போட்ட படமா?"
லைனில் கோழிகள் மட்டும் கொஞ்ச நேரம் பேசின.
"அப்பத் தனிப்படம் அஞ்சும் குடுத்துருங்.
அது வேண்டாம்."

அறுபத்தொன்றில் ராக்கியண்ணன் எங்கே?
அணியில் இல்லையா, மில்லிலேயே இல்லையா,
படமெடுத்த காலையில் மெஷினை விட்டு வர
மேஸ்திரி விடவில்லையா?
அடுத்த வருடம் யார் சொல்லி அவனைச் சேர்த்தார்கள்?
கேள்வி வந்தபிறகுதான் மண்டையில் உறைத்தது:
அந்தப் பதிவேடுகள்.
நாற்பது கிலோ. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஷிப்டும்.
நான் தள்ளிவைத்துவிட்டு உறையை எடுத்தவள்.

"நேத்தே லோடு போயிருச்சுங்க்கா.
உடுமலைப் பக்கம் அட்டை மில்லுக்கு.
இந்நேரம் ஊறப் போட்டிருப்பாங்க."

பேனா படத்தைத் தின்னும், அதனால் பென்சில்.
அழுத்தாமல், முதுகின் ஓரத்தில்:
ஆறு பேர், 1961, காலை.
ஒருவர், 1962, சாயங்காலம்.

எழுதி முடித்து ஊதினேன்,
பென்சில் தூளைத்தான்.