இடது விலாவில் வெயில்

நான்கு மடிப்பு. விரித்தால் ஓர் ஆட்டுத்தோல் அகலம்.
தெலாவி சந்தையில் விற்றவன்
மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்றான்.
மழையில் நனைக்கவா வாங்கினேன்.

மூன்று பேர், எண்ணூற்றுப் பதினாறு ஆடுகள்,
நாய்களை யாரும் எண்ணுவதில்லை.
அக்டோபர் வந்தால் மலை எங்களை வெளியே தள்ளிக் கதவடைக்கும்.
தெற்கே இறங்குகிறவனுக்குக்
காலை வெயில் இடப்பக்கம், பிற்பகல் வலப்பக்கம்.
ஆகவே லுர்ஜாவின் இடது விலாவில் கட்டிய சோலார் பலகையை
உச்சி கழிந்ததும் அவிழ்த்து
வலது விலாவில் கட்ட வேண்டும்.
குதிரைக்குப் பழகிவிட்டது.
கயிற்றைத் தொட்டால் தானே திரும்பி நிற்கும்.

சார்ஜ் போட முறை வைத்திருக்கிறோம்.
இரவுக் காவல் டார்ச் முதலில், ஓநாய்க்காக.
அடுத்து பிட்ஸினாவின் போன், ஆட்டு வியாபாரிக்காக.
அடுத்து ஷியோவின் போன். அவனை யாரும் கூப்பிடுவதில்லை,
தன்னோடு தானே சீட்டாடுவான்,
அதிலும் தோற்பான்.
கடைசியில் என்னுடையது.

ஓமாலோவில், சிக்னல் கிடைக்கும் கடைசி மேட்டில்
தம்பியின் குரல் வந்து விழுந்தது.
இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.
போலந்துக்குப் போய் நான்கு வருடம்.
அப்பா இறந்தபோது அவன் வரவில்லை,
நான் கூப்பிடவில்லை,
அப்புறம் இரண்டு பேருமே கூப்பிடவில்லை.

இருமினான். என் பெயரைச் சொன்னான். மறுபடி இருமினான்.
"ஒண்ணு கேக்கணும் இமேதா,
ரொம்ப நாளா மனசுல கிடக்கு, நீ கோவப்படாம..."

நாற்பதாவது விநாடி. திரை கறுத்தது.
அதில் சவரம் செய்யாத ஒரு முகம்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியமே மூடுபனி.
இரண்டு நாள் பலகை குதிரைமேல்
காயாத துணிபோலத் தொங்கியது.
அதன் ஓரத்துச் சிவப்புப் புள்ளி எரியவே இல்லை.
அவன் என்ன கேட்பான்?
வீட்டில் பாதி கேட்பான். கொடுத்தேன்.
கீழ்ச்சரிவு நிலத்தைக் கேட்பான். அதையும் கொடுத்தேன்.
ஏன் கூப்பிடவில்லை என்பான்.
வீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.
"யாரைத் திட்டுகிறாய்?" என்றான் பிட்ஸினா, பனிக்குள்ளிருந்து.
தம்பியை.
"என்ன சொன்னான்?"
இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கணவாயின் உச்சியில் பனி கிழிந்தது.
முன்னே போன ஆடுகளின் முதுகு ஒவ்வொன்றாகப் பொன்னாக,
கடைசியாகக் குதிரையின் விலாவுக்கு வெயில் வந்தது.
டார்ச் ஆயிற்று. பிட்ஸினாவுக்கு ஆயிற்று.
ஷியோ தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
ஒயரை என் பக்கம் நீட்டினான்.
"சீட்டுக்கட்டு எங்கே ஓடிவிடும்" என்றான்.

கழுத்து முறிந்த ஒயர் அது,
டேப் சுற்றி, ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் ஏறும்.
பிடித்தபடி குதிரையோடு குதிரையாக நடந்தேன்.
ஒன்று. இரண்டு.
நான்கு சதவீதத்தில் பொறுமை போயிற்று.

"...நீ கோவப்படாம சொல்லு.
லுர்ஜா இருக்கா? வித்துட்டியோன்னு நேத்து ராத்திரி முழுக்க..."

அவ்வளவுதான். நிறுத்த மறந்திருக்கிறான்.
மிச்சமெல்லாம் அவன் சமையலறை.
குழாய் ஓடுகிறது, ஒரு தட்டு இன்னொன்றில் இடிக்கிறது,
ஒரு பெண் ஏதோ கேட்கிறாள்,
எனக்குத் தெரியாத பாஷையில் ஒரே வார்த்தை சொல்கிறான்,
அவள் சிரிக்கிறாள். நாற்காலி நகர்கிறது.
ஒரு நிமிடத்துக்கும் மேல் அந்த வீட்டில் நின்றிருந்தேன்,
ஆட்டுச் சாணம் அப்பிய பூட்ஸோடு.

பதில் சொல்ல வாய் வரவில்லை.
போனை லுர்ஜாவின் மூக்கருகே பிடித்தேன்.
முதலில் மோந்தது, பிறகு பலமாகச் செருமியது,
திரையெல்லாம் எச்சில்.
அதை அப்படியே அனுப்பினேன்.

சிக்னல் இல்லை. அதன் பக்கத்தில்
குட்டிக் கடிகாரம் ஒன்று உட்கார்ந்துகொண்டது.
அல்வானி போய்ச் சேர இன்னும் இரண்டு நாள்.
இரண்டு சதவீதம் இருக்கிறது.

பொழுது உச்சி தாண்டியிருந்தது.
கயிற்றைத் தொட்டேன்.
குதிரை திரும்பி நின்றது.