எதனுடனும் இணையாத அட்டை

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மீன் ஏலம்
காலை ஆறுக்கு.
இப்போது மணி ஒன்றே கால்.
பழைய பனிக்கட்டி அறையில்தான் சர்வர்.
கழுவிக் கழுவியும் போகாத மீன்வாடை.
தரையில் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
மூடியின் ஏழு திருகுகளைக் கழற்றி
என் கம்பளித் தொப்பிக்குள் போட்டு வைக்கிறேன்.
எட்டாவது, நான் வருவதற்கு முன்பே இல்லை.

சோல்ருன் காப்பியோடு வந்து
திரையைப் படிக்கிறாள்:
"புதுக் கன்ட்ரோலர் நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ் என்றாயே,
அறுபத்தாறு என்கிறதே இது?"

பாதிக்குப் பாதி.
பணத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்;
கேட்கத்தான் செய்வாள்.

சொல்கிறேன்:
இதற்கும் பெயர் பஸ்தான்.
ஓட்டுநர் கிடையாது, நடத்துநர் கிடையாது.
நான்காம் ஸ்லாட்டும் ஐந்தாம் ஸ்லாட்டும்
ஒரே வழித்தடம்.
ஏறியவர்களில் எவன் நோஞ்சானோ
அவன் நடைதான் எல்லோருக்கும்.

ஐந்தில் ஒரு பழைய அட்டை.
பச்சை வெளுத்து, தூசி கம்பளியாய்ப் படிந்து.
வெளியே கேபிள் இல்லை.
உள்ளேயும் இல்லை.
டேப் டிரைவைத் தூக்கிப் போட்ட நாளிலிருந்து
டிக்கெட் எடுக்காமல்
சும்மா உட்கார்ந்து வருகிறது.

அணைத்தேன். பிடுங்கினேன். போட்டேன்.
நூற்று முப்பத்து மூன்று!
நேற்றைய ஹேடாக் கணக்கெல்லாம்
மடை திறந்ததுபோல் பாய்ந்தது
பதினோரு நிமிடம்.

பன்னிரண்டில்
இரண்டாம் வட்டில் மஞ்சள் விளக்கு.
பதிவில் ஒரு பாரிட்டி பிழை,
பிறகு அதே, பிறகு அதே,
பிறகு பக்கம் முழுக்க அதே.
வட்டை மாற்றினேன். கேபிளை மாற்றினேன்.
மாற்ற மிச்சம் நான்தான் என்றபோது
மணி மூன்று.

ஹெர்கெய்ருக்குப் போன் போட்டவள் சோல்ருன்.
எனக்கு முன் இந்த அறையைப் பார்த்தவன்;
இப்போது பேரன்ட்ஸ் கடலில், இழுவைக் கப்பலில்.
கரகரப்புக்கு நடுவே
என் கதை முழுவதையும் கேட்காமலே
ஒன்று கேட்டான்:
"அந்த அட்டையை எடுத்துட்டியா?"

எடுத்துட்டேன்.

"பழைய கன்ட்ரோலரும் இதே வேகம்தான்ப்பா.
அதுவும் ஓடும், வட்டும் ஓடும்,
நடுவில் நிற்கிற ரைசர் பலகைக்குத்தான் மூச்சு வாங்கும்.
புதுப் பலகை கேட்டு மூணு தரம் எழுதினேன்.
அப்புறம், கையில் இருந்ததிலேயே
மெதுவான சாமானாப் பார்த்து..."
லைன் போய்விட்டது.

சோல்ருன் காப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்று தாளிலும் 'அடுத்த ஆண்டு' என்று எழுதிய கை
கோப்பையைச் சுற்றியிருந்தது.

குப்பைக்கூடையிலிருந்து அட்டையை எடுத்து,
ஊதி,
ஐந்தில் அழுத்தினேன்.
அறுபத்தாறு.
வட்டுகள் தம்மைச் சரிகட்டத் தொடங்கின.
நான்கு சதவீதம். ஏழு.
ஜன்னலுக்கு வெளியே
படகு விளக்குகள் ஒவ்வொன்றாய்த் துறைக்குள் திரும்பின.
ஆறு அடித்ததும் முதல் பெட்டி விலை போயிற்று.
எந்த வேகத்தில் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மூடும் முன் அட்டையின்மேல் ஒரு தாளை ஒட்டி
'எதனுடனும் இணையவில்லை' என்று எழுதினேன்.
அதற்குமேல் என்ன எழுதுவதென்று
நான் நிற்கையில்
சோல்ருன் பேனாவை வாங்கினாள்,
'எடுக்காதே' என்றுகூட எழுதவில்லை,
தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

தொப்பியைக் கவிழ்த்தேன்.
திருகு ஆறுதான் இருந்தது.