நாலு இருபது

நல்ல நேரம் குறித்துவிட்டார்கள் ஜோசியர்கள்:
விடியற்காலை நாலு மணி, இருபது நிமிடம்.
அப்போதுதான் பர்மா பிறக்க வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
சண்டைக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பதினோரு வருடம்
ரங்கூன் போலீஸ் கோர்ட்டில் பெஞ்சு குமாஸ்தா.
இந்த ஊரில் அந்த எண்ணை
என்னைவிட அதிகம் எழுதிய கை கிடையாது.
கில்ட்டு மோதிரம், கல் கலந்த அரிசி,
செத்தவன் பேரில் எடுத்த சீட்டுப் பணம்
எல்லாம் அந்தப் பிரிவில்தான் அடங்கும்.

டவாலி கோ தான் ஞுனிடம் விளக்கினேன்:
எங்களில் ஒருவனை நானூற்று இருபது என்றால்
அவனிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே என்று பொருள்.
அவன் சிரிக்கவில்லை.
"கிரகம் சரியாக இருக்கிறதல்லவா?" என்றான்.

போனேன்.
முன்வரிசைக்கு அல்ல, டிராம் கம்பத்தடிக்கு.
ஜனவரிப் பனியில் கம்பளிக்குள் கூட்டம்.
பழைய கொடி இறங்க எத்தனை நொடி என்று எண்ணினேன்,
பழக்கதோஷம்.
கப்பியில் எண்ணெய் போட மறந்திருந்தார்கள்;
கிரீச்சென்ற சத்தத்தோடு இறங்கியது அத்தனை பெரிய ராஜாங்கம்.
பக்கத்தில் நின்ற பெண்ணின் கன்னத்தில்
தனக்காப் பூச்சு கரைந்து வழிந்தது.
எனக்கும் வந்தது.
ஏன் என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

திங்கட்கிழமை வேலை நாள்.
அச்சடித்த பாரம் மூவாயிரம் மிச்சம்,
ஒவ்வொன்றின் தலையிலும் வாதி: மன்னர்.
"காகிதத் தட்டுப்பாடு, அடித்து எழுது" என்றார் மாஜிஸ்திரேட்.
ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரே கோடு.
மேலே 'யூனியன்' என்று பர்மிய எழுத்தில்.
இங்கிலீஷுக்குச் சாய்ந்து பழகிய கை
வட்டம் வட்டமாய்ச் சுழிக்கத் தடுமாறியது.
பத்து மணிக்குள் நாற்பது முறை
மன்னரை வெட்டினேன்.
யாரும் என்னைத் தூக்கில் போடவில்லை.

முதல் வழக்கு
படகுத்துறைக் கூலி சாத்தையா, பிரிவு அதேதான்.
கூண்டில் ஏறும்போது காதோரம் கேட்டான்:
"ராசாவே கப்பலேறிட்டாராம். எங் கேசு?"
"கேசு இருக்குய்யா.
போட்ட ஆள்தான் மாறியிருக்கு."

மழைக்கு முன்னால் இன்னொரு பாரம் வந்தது.
புது அச்சு, அடிக்க எதுவும் இல்லை.
குடிமகன் ஆக விருப்பமா?
பத்து வருடத்தில் எட்டு வருடம் இங்கே இருந்தீரா?
இருந்தேன், ஐயா. இல்லாமலும் இருந்தேன்.
நாற்பத்திரண்டில் தாமு வழியாக நடந்தோம்,
நானும் தம்பி செங்கோலும்.
அவனை ஒரு மூங்கில் புதரடியில் விட்டேன்.
அது எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா,
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை;
இரண்டு பக்கமும் ஒரே மன்னர்.
இப்போது கேட்கிறார்கள்,
எனக்குத் தெரியவில்லை.

கோ தான் ஞுன் பேனாவைப் பிடுங்கினான்.
"நான் எழுதுகிறேன், சொல்லு."
சவரிராயன் என்றேன்.
அவன் நாக்கில் ர நிற்காது.
சவயியாயன் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்து
அவனே சிரித்தான்.
இந்த ஆறு மாதத்தில் அவன் சிரித்தது அதற்குத்தான்.
பேரை எழுதினான்.
வருடம் கேட்கும் கட்டத்தை விட்டுவிட்டு
வெற்றிலை போடப் போனான்.

பாரம் என் இழுப்பறையில் இருக்கிறது,
ஒரு கட்டம் காலியாக.
மணி அடித்தது.
வாசலில் அவன் குரல் உரக்க எழுந்தது:
யூனியன் எதிர்...

கூப்பிட்டது என் பேரை இல்லை.
எழுந்து நின்றுவிட்டேன்.