மூணு வருஷம் கேட்கும்

கோலாலம்பூரில் போய்க் கல்லில் நிற்க வேண்டுமென்றால்
டைஃபாய்டு ஊசி போட்ட அட்டை வேண்டும்.
மாஸ்டருக்கும் வேண்டும், இலை எடுப்பவனுக்கும் வேண்டும்.
"ஊசி எதுக்குண்ணே, அட்டையத்தானே கேக்குறான்,
முந்நூறு குடுங்க, சீலோட வாங்கித் தர்றேன்"
என்றான் ஏஜென்ட் இளஞ்சேரன்.
நிஜ ஊசிக்கு எண்ணூறு.
மிச்சமாகும் ஐநூறு
சிலிண்டர் விலையில் பாதிக்கு மேல்.
சரி என்றுதான் தலையாட்டினேன்.

முள்ளியாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன்.
மேட்டூரில் திறந்து பதினெட்டாம் நாள்
கடைமடைக்கு வந்திருந்தது தண்ணீர்,
வழியிலிருந்த ஊர்களையெல்லாம் கழுவிக்கொண்டு.
தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு,
கழுத்து மட்டும் தெரியும் ஒரு மருந்து பாட்டில்.
நாலு பேர் கும்பிட்டார்கள். ஒருவர் பூ போட்டார்.
நானும் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையைப் பார்த்தபோதுதான்
அது ஞாபகம் வந்தது.

பத்தொன்பது வயது. திருத்துறைப்பூண்டி
பஸ் ஸ்டாண்ட் கடை.
காய்ச்சலோடு நாலு நாள் மாவு பிசைந்தேன்.
லீவு போட்டால் பேட்டா இல்லை.
"இவன் கைச்சூட்டுக்கு மாவு எப்படி இளகுது பாரு"
என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார் மாஸ்டர்.
ஐந்தாம் நாள் அண்டாவுக்குப் பக்கத்திலேயே விழுந்தேன்.
இருபத்தொரு நாள் கஞ்சி.
தலையணையெல்லாம் முடி.
டைஃபாய்டு என்று எழுதிய சீட்டை
முதலாளி வாங்கிப் படித்தார்,
மடித்து என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார்.
"வெளிய சொல்லாதே."

கல்லில் வெந்த பரோட்டாவில் ஒன்றுமில்லை.
வெங்காயப் பச்சடி?
அதையும் நான்தான் கிளறினேன்,
கரண்டி இருந்தும், கையால்.

வேதாரண்யம் பஸ் கண்டக்டர் ஒருவர்.
தினம் ரெண்டு பரோட்டா,
பச்சடி மட்டும் மூன்று தடவை கேட்பார்.
நான் வேலைக்குத் திரும்பியபோது அவர் வரவில்லை.
அடுத்த மாதமும் வரவில்லை.
ரூட்டை மாற்றியிருப்பார்கள்.
டிரைவரிடம் கேட்டிருக்கலாம்.
அதே பஸ், அதே டிரைவர், எதிரிலேயே நின்று டீ குடிப்பார்.
பதினாறு வருஷமாகக் கேட்கவில்லை.

பாலத்திலிருந்தே இளஞ்சேரனுக்குப் போன் போட்டேன்.
"ஐநூறு ரூவா தண்டம்ணே" என்றான்.

"முருகையன், முப்பத்தஞ்சு. வெளிநாடா?"
நர்ஸ் சகாயமேரி ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டே கேட்டார்.
"முன்னாடி டைஃபாய்டு வந்திருக்கா?"
"வந்திருக்கு."
"அப்ப கூட இருந்தவங்க யாருக்காவது?"
"தெரியலை."
"எந்தக் கையில போடட்டும்?"
"பரோட்டா வீச ரெண்டும் வேணும்."
"அப்ப எதுல போட்டாலும் வலிக்கும்" என்று
இடது கையைப் பிடித்தார்.
எறும்பு கடித்த அளவுகூட இல்லை.
"மூணு வருஷம் கேட்கும். அதுக்காக
கண்ட தண்ணியையும் குடிச்சிடாதீங்க."

கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம்.
அதுவரை அவர்கள் தட்டுக்கு
என்னிடமிருந்து பாதுகாப்பு.
மிச்சம் ஒரு வருஷத்தோடு நான் ஊர் திரும்புவேன்.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கேட்டேன்:
"இன்னொண்ணு இருக்குமா சிஸ்டர், எங்க வீட்ல அவங்களுக்கு?"
"அவங்களும் போறாங்களா?"
"இல்ல. இங்கயேதான்."
அட்டையில் பேர் எழுதிக்கொண்டிருந்தவர்
ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.
"பாஸ்போர்ட்டெல்லாம் வேண்டாம். கூட்டிட்டு வாங்க."

இரவு கடையில் தோள் கனத்தது.
வீசியதில் மூன்று கிழிந்தன.
கொத்து பரோட்டாவுக்குப் போட்டேன்.

வேம்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நான் எந்த ஊருக்குப் போறேன், எனக்கு ஊசி?"

பதில் சொல்வதற்குள்
தெருக்குழாய் இருமியது.
மூன்று நாளைக்கொரு முறை வரும் தண்ணீர்.
முதலில் காற்று, அப்புறம் சிவப்பு,
அப்புறம்
வெள்ளை என்று நாங்கள் சொல்கிற நிறம்.
குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.