ஐம்பதாயிரத்துக்கு இருபது யென் குறைவு

காலை ஒன்பதுக்குக் குவபாரா வந்தான்.
துணியில் சுற்றிய செம்புப் பாளத்தைச்
சந்தையில் மீன் வாங்கி வந்தவன் போல
மேசைமேல் பிரித்து வைத்தான்.
நானூற்றுப் பத்து கிராம்.
"தொட்டுப் பாருங்கள், மிசாவா சான்."
தொட்டேன்.
யாருக்கும் எதுவும் தர வேண்டாததைப் போலக்
குளிர்ந்து கிடந்தது.

தொடுவது என் வேலையில்லை.
பக்கத்தில் ஓர் எண் எழுதுவேன்,
பிறகு அந்த எண்ணைச் சுரண்டுவேன்.
பதினான்கு வருடமாகச் சுரண்டுகிறேன்;
நகம் தேயவில்லை, சம்பளம் வந்திருக்கிறது.

மொரிகுச்சி, ரயில் பாதையோரக் கட்டடம், ஆறாவது மாடி.
வெள்ளைப் பலகையில் மூன்று வாரமாய்
ஒருவரும் அழிக்கத் துணியாத ஒரே வரி:
49,980.
ஐம்பதாயிரத்துக்கு இருபது யென் குறைவு.
அந்த இருபதுதான் ஆளைக் கடைக்குள் இழுக்கும்
என்கிறது விற்பனைத் துறை.
நாங்கள் செய்து வைத்திருக்கும் பெட்டிக்கு ஆவதோ
அறுபத்தோராயிரத்து நானூறு.
மிச்சத்தை விளையாட்டுகள் விற்று மீட்போமாம்.
அவை இன்னும் எழுதப்படவில்லை.

நினைவகச் சில்லின் விலை மார்ச்சில் ஏறியது.
ஏப்ரலில் ஏறியது.
மே மாதம் விற்பவர் விலையே சொல்லவில்லை,
"எத்தனை வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்,
மழையில் நிற்பவனிடம் குடைக்காரன் கேட்பதுபோல்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது சுலபம்.
எவர் விரல்?
சில்லு வரைந்த ஒனிசாவாவின் விரலா,
நொடிக்கு நூற்றிருபது படம் வேண்டும்,
அலை ஒவ்வொன்றிலும் தனித்தனி நட்சத்திரம் மின்ன வேண்டும் என்று
பலகையைத் தட்டும் விரல்?
இல்லை, கடையில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
மெல்ல மறுபடி கவிழ்த்து வைக்கும் விரலா?

சோதனைக்கு நாற்பது பேரை அழைத்திருந்தோம்.
இரண்டு பெட்டி, ஒரே கடல்.
எது உசத்தி?
முப்பத்தோரு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள்.
இடாயா என்ற பெண்,
சோற்றுப் பொட்டல ஆலையில் இரவு வேலை பார்ப்பவள்,
திரையைப் பார்க்கவேயில்லை.
பெட்டியின் பின்புறம் காதை வைத்தாள்.
"இது இரைகிறது," என்றாள். "இது இரையவில்லை.
எங்களுக்கு ஒரே அறை.
குழந்தை தூங்கின பிறகுதான் நான் விளையாட முடியும்."
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலைக் கூட்டத்தில்
எல்லோரும் செம்பை அலுமினியமாக்கச் சொன்னார்கள்.
விசிறி வேகமாகச் சுற்றட்டும், காற்று இலவசம்.
குவபாரா பாளத்தைத் துணியில் சுற்றத் தொடங்கினான்.
நான் செம்பை விட்டுவிட்டு
வேகத்தில் கைவைத்தேன்.
பத்தில் ஒரு பங்கு. நினைவகத்தில் நான்கில் ஒன்று.
கடலில் நட்சத்திரம் பாதியாகும்.
ஒனிசாவா பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.
"பாதிக் கடலை யார் வாங்குவார்கள்?"
பதில் என்னிடம் இல்லை. எண்தான் இருந்தது.
ஐம்பத்தேழாயிரத்து எண்ணூறு.
இன்னும் நட்டம்தான்;
கையெழுத்திடக்கூடிய நட்டம்.

இரவு, நிலையத்து இயந்திரத்தில்
இருநூறு போட்டு ஒரு பார்லித் தேநீர்.
மீதி இரண்டு பத்து யென் காசுகள் உருண்டு விழுந்தன.
செம்பு நிறம் அல்ல; பெரும்பாலும் செம்பேதான்.
உள்ளங்கையில் வைத்தேன்.
என் சூட்டை வாங்கிக்கொள்ள அவற்றுக்கு
அதிக நேரம் பிடிக்கவில்லை.

நடைமேடையில் கொஞ்சம் தள்ளி ஒனிசாவா நின்றிருந்தார்.
தலை தாழ்த்திக்கொண்டோம்.
ரயில் வந்தது.
ஆளுக்கொரு பெட்டியில் ஏறினோம்.