இரவல் இரவு

ஆறு மணிக்கு மூடுகிறேன்.
விளக்கு, ஹீட்டர், பின்கதவு.
வைஃபையை மட்டும் விட்டுவைக்கிறேன்.
"மூடிய கட்டடத்துக்கு இணையம் எதற்கு?"
என்றார் கமிட்டியில் ஒருவர்.
கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.
பதில் வெளியே நின்றது:
பனி ஒதுக்கிய மேட்டோரம்
எஞ்சின் அணைக்காத மூன்று பிக்கப் வண்டிகள்.
ஒன்றில், முகத்தில் நீல வெளிச்சத்தோடு
வீட்டுப்பாடம் அனுப்பிக்கொண்டிருந்தான் பிக்லர் வீட்டுப் பையன்.

மொன்டானாவில் எங்கள் பக்கத்து ஊர்கள் ஏழு,
ஏழுக்கும் சேர்த்து ஒரே மின்னூல் அலமாரி.
எங்கள் பங்கு ஆண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
அதில் பாதி கேக் விற்ற காசு.

அந்த அலமாரியில் ஒரு புத்தகம்:
மாடு கன்று ஈனும் காலத்துக்கான கையேடு.
கிழியாது, காபிக் கறை படியாது.
இருந்தும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான்.
இருபத்தாறு முறை கொடுத்தால்
தானாகவே மறைந்துவிடும்.
(என்னைக் கேட்காதீர்கள்.
ஒப்பந்தம் எழுதியவர்களைக் கேளுங்கள்.)

பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
மார்லிஸ் யூங்கர் என் வீட்டுக்கே போன் செய்தாள்.
"பின்னங்கால் முதல்ல வருது.
டாக்டர் அறுபது மைல் தள்ளி. ரோடு மூடியாச்சு.
அந்தப் புத்தகத்துக்கு நான் நாலாவது ஆள்."

சமையலறை மேசையில் கணினியைத் திறந்தேன்.
புத்தகம் யாரிடமோ இருந்தது,
கெடு இன்னும் ஒன்பது நாள்.
யாரிடம் என்று எனக்குக் காட்டாது.
காட்டக் கூடாது என்று
கை தூக்கி வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆறு நூலகங்களுக்கும் எழுதினேன்.
கைக்குழந்தையோடு விழித்திருந்த ஹாலிஸ் மட்டும் பதில் போட்டாள்:
பெயர் தெரியாமலே செய்தி அனுப்ப வழி இருக்கிறதாம்.
அனுப்பினோம்.
"உங்களிடமும் உங்கள் வரிசையிலும் உள்ள புத்தகம்
ஒருவருக்கு இப்போதே வேண்டும். முடிந்தால்."

இரண்டு முப்பத்தொன்றுக்குப் புத்தகம் திரும்பியது.
முப்பத்து மூன்றுக்கு முதல் ஆள் விட்டுக்கொடுத்தார்.
முப்பத்து நான்குக்கு இரண்டாவது.
மூன்றாவது ஆள்
அசையவில்லை.
தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.
நாற்பதுக்கு அவரும்.

மாடு வைத்திருப்பவர்
பிப்ரவரியில் யார்தான் தூங்குகிறார்?
எங்கெங்கோ கொட்டில்களில், முழங்கை வரை ஈரத்தோடு,
துடைத்த ஒரு விரலால்
அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள்.
இரவல் என்ற சொல்லுக்குள்
இரவு இருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

ஐந்து பன்னிரண்டுக்கு மார்லிஸ் திருப்பிவிட்டாள்.
எனக்கு வந்த தகவல் அவ்வளவே.

சனிக்கிழமை வந்தாள், வரிப் படிவம் அச்செடுக்க.
பக்கத்துக்குப் பத்து சென்ட்.
விரல்களில் இன்னும் அயோடின் பழுப்பு.
"கன்று?"
"நிக்குது. நாற்பத்தேழாம் பக்கத்துப் படம்
சுத்தமா தெளிவில்ல, சொல்லிடு அவங்ககிட்ட."

காசை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"யாரு விட்டுக்கொடுத்தது?"
"தெரியாது. தெரியாதபடிதான் வைத்திருக்கிறோம்."

கொஞ்சம் யோசித்தாள்.
"அப்போ ரோட்டில எதிர்ல வர்ற
எல்லா வண்டிக்கும் விரல் தூக்கணும்."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்.
இந்தப் பக்கத்து வணக்கம் அது.
எப்படியும் எல்லாருக்கும் தூக்குகிறவள்தான்.