ஊசி விலகிய இடம்

வயிரவன்பட்டி தாண்டி, தைலமரங்கள் முடிகிற வளைவில்
வெள்ளைக்கண்ணுவின் வெட்டுக்கிணறு.
ஐப்பசி பொய்த்த வருஷம்.
தண்ணீர் இருந்திருந்தால் நான் இறங்கியிருக்க முடியாது.

ஏழாம் படிவரை செம்புறாங்கல்.
அப்புறம் களிப்பாறை,
சாம்பல் நிறம், ஏடு ஏடாக,
நகம் பட்டால் உதிர்கிற ஏதோ ஒரு கடலின் சேறு.
மேல் ஏடுகள் படுத்திருக்கின்றன.
கீழே போகப் போக எழுந்து உட்காருகின்றன.
வடக்குச் சுவரில் ஒரே வளைவு,
அத்தனையும் திரும்பி
தலைகீழாக இறங்குகின்றன.

"கருங்கல்லு எங்கிட்டுக் கெடக்கு மேடம்?"
மேலிருந்து குரல், கூடவே கொஞ்சம் மண்.
காலுக்குக் கீழே, என்றேன்.
விரல் தடிமனில் அதன் வெள்ளை நரம்பொன்று
மடிப்பைக் குறுக்கே அறுத்துப் போகிறது,
தான் மடியாமல்.
சேறு மடிந்து முடிந்த பிறகுதான்
நெருப்பு வந்திருக்கிறது.

போன பங்குனியில் மேலே நின்று அளந்தேன்.
மடிப்பின் முதுகில் விரிசல், விரிசலில் ஊற்று,
முதுகு வடகிழக்கே ஓடுகிறது என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
திருச்செங்கோட்டு லாரி வந்தது.
நானூற்று இருபது அடி.
புழுதி. மறுபடி புழுதி.
டிராக்டரின் டிரெய்லரை விற்றுத்தான் அடைத்தார்.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இன்று சுவரோரம் திசைகாட்டியை வைத்தேன்.
ஒரு சாண் நகர்த்தினேன், ஊசி திரும்பிக்கொண்டது.
இன்னொரு சாண், வேறு வடக்கு.
கருங்கல்லின் சூட்டில் வெந்த களி
இங்கே சுத்தியலுக்கு மணிபோல் ஒலிக்கிறது.
உடைத்த சில்லில் கறுப்புப் பொடிமணிகள்.
சாவிக்கொத்தின் காந்தத்தில்
மீசைமயிர் போல் ஒட்டிக்கொண்டன.

மேலேறி ஒரு கம்பை நட்டேன்.
மார்கழி உச்சிவேளை நிழல்
யாருக்கும் வளையாமல் வடக்கே விழுந்தது.
நூல் பிடித்தோம்.
பதினெட்டு பாகை பிசகியிருந்தேன்.

"எத்தனை தப்படி தள்ளி?"
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
பதினொன்றில் எல்லைக்கல் காலை இடித்தது.
அதுவும் கருங்கல்தான்.
மடிப்பின் முதுகு அதற்கு அந்தப் பக்கம்,
காய்ந்த எள்ளுத் தாளுக்கு அடியில் போகிறது.

"அது யாரோட புஞ்சை?"

வெள்ளைக்கண்ணு பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தார்.
"தம்பியோடது. தேவகோட்டை கோர்ட்டுல
பதினாலு வருஷமா
நடக்குது மேடம்."

நூலைச் சுற்ற ஆரம்பித்தேன்.
மறுமுனையை அவர் இன்னும் விடவில்லை.